காதுதானே என்று கருதிடலாமோ?

கண் போனால் ஊர் கலங்குகிறது. காது போனால் ஊர் சிரிக்கிறது! கண்ணிழந்தவனைக் கைபிடித்து வழி நடத்துகிறார்கள். காதிழந்தவனையோ நாடக மேடையில் ஏற்றி நகைச்சுவைப் பாத்திரம் ஆக்குகிறார்கள். ஒருவர் ஒன்று கேட்க, அவர் வேறொன்றாக விளங்கிக்கொண்டு விடை கூற, கொட்டகை அதிரக் கைதட்டல்! அந்தக் கைதட்டல்கூட அவன் காதில் விழாது என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இந்த ஏளனம் மேடையோடு நின்றுவிட்டால் கவலை இல்லை. மருத்துவமனை வாயிலையும் தாண்டி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் நுழைகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு வழி விடுகிறார்கள், விடத்தான் வேண்டும். குருதி சொட்ட வருகிறவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடத்தான் வேண்டும். ஆனால் நள்ளிரவில் காதைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கும் பாட்டாளிக்குக் கிடைக்கும் விடை என்ன? "காதுதானே! காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு வா!" பல வேளைகளில் அது சரியான விடைதான், மறுப்பதற்கில்லை. சில வேளைகளிலோ அது ஒரு காதைப் பறிக்கும் விடை. ஒரோவழி, உயிரையே பறிக்கும் விடை! எது காலை வரை காத்திருக்கும் காது, எது காத்திருக்காத காது என்று பிரித்தறியும் அறிவு மருத்துவருக்கு மட்டும் இருந்தால் போதாது. வீட்டிலிருந்து புறப்படும் நமக்கும் வேண்டும். அதனால்தான் எழுதுகிறோம்.

"அரசியல் ஏட்டிலே காதுவலிக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. வேலை இருக்கிறது, ஐயா! இந்த இயக்கம் வளர்ந்தது எந்த வழியாக? படிப்பகத்துத் திண்ணையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து செவி சாய்த்தனர். முடி திருத்தும் நிலையத்திலே, தேநீர்க் கடையிலே, தெருமுனைக் கூட்டத்திலே காதால் கேட்டவர்கள்தாம் கருத்தால் நிமிர்ந்தனர். பள்ளிக்கூடத்துப் படியேற விடாத சமுதாயத்துக்குப் பள்ளிக்கூடமே காதுதான்! வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம், கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அவற்றை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தாரே, காரணமின்றியா வைத்தார்?

உழைப்பவனுக்குக் காது என்பது பாட்டுக் கேட்கும் கருவி மட்டுமன்று. உயிர் காக்கும் காவலாளி. பின்னோக்கி வரும் லாரியின் ஒலி, பாரந்தூக்கி அசையுமுன் எழும் மணி, கிணற்றுக்குள் வெடி வைத்தவன் கொடுக்கும் எச்சரிக்கைக் குரல், எல்லாம் காதுவழியேதான் வந்தாக வேண்டும். அந்தக் காவலாளி உறங்கிவிட்டால், அடுத்த விபத்து யாருக்கு?

வடிந்த காதும் மடிந்த மேதையும்

காதுநோய் உயிரைக் கொண்டுபோகுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு வரலாறு சொல்கிறோம்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரிலே வில்லியம் வைல்டு என்றொரு மருத்துவர். 1844ஆம் ஆண்டு, கண்ணுக்கும் காதுக்கும் என்று தனி மருத்துவமனை கண்டவர். 1853ஆம் ஆண்டு, காதுநோய்கள் பற்றி நூல் எழுதி மருத்துவ உலகின் மதிப்பைப் பெற்றவர். காதின் பின்புறம் சீழ் கட்டினால் கீறி வெளியேற்றும் அறுவை முறைக்கு அவர் பெயரே வழங்கிற்று. அவருக்கு 1854ஆம் ஆண்டு பிறந்த மகன்தான் ஆஸ்கார் வைல்டு! ஆங்கில நாடக உலகை நகைக்க வைத்து, சிந்திக்க வைத்து, எழுத்தால் ஆண்ட மேதை.

1895ஆம் ஆண்டு அந்த மேதைக்கு இரண்டாண்டுக் கடுங்காவல். சிறையிலே மயங்கி விழுந்து காதில் அடிபட்டது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சிறை மீண்டார், காதுநோய் மீளவில்லை. 1900ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், பாரிசு நகரில் அவர் தங்கியிருந்த விடுதி அறையிலேயே காதில் அறுவை செய்தனர். நவம்பர் 30ஆம் நாள் மறைந்தார். வயது 46! காதில் இருந்த பழைய நோய் மூளையின் சவ்வை எட்டியதே அந்தச் சாவுக்குக் காரணம் என்பது மருத்துவ ஆய்வாளர் பலர் கண்ட முடிவு.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! காது மருத்துவத்தின் மேதைக்குப் பிறந்த மகன், காதுநோயால் மடிந்தான். அப்போது பெனிசிலின் இல்லை. அலெக்சாண்டர் பிளெமிங் அதனைக் கண்டது 1928இல். மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1940களில். இன்றோ மருந்து உண்டு; உள்ளே ஊடுருவிப் படம் பிடிக்கும் சி.டி. கருவி உண்டு, நுண்ணோக்கி வைத்து அறுவை செய்யும் வல்லுநர் உண்டு. அத்தனையும் இருந்தும், வடிகிற காதோடு ஆண்டுக்கணக்கில் வாழும் குழந்தைகள் நம் குடிசைகளிலே ஏன் இருக்கிறார்கள்?

"காது வடிந்தால் நல்லது, கெட்ட நீர் வெளியேறுகிறது" என்று கூறும் அறியாமை ஒன்று. "முற்பிறவியில் செய்த வினை" என்று கூறும் வைதீகம் மற்றொன்று. முற்பிறவியில் என்ன செய்தானோ நமக்குத் தெரியாது. இப்பிறவியில் அவனுக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது! வினை என்பவனிடம் கேளுங்கள்: முன்வினையால் வந்த நோய் மருந்தால் ஏன் தீருகிறது? மருந்து என்ன, பிரம்மனின் கணக்கையே திருத்தி எழுதுகிறதா?

இதில் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சளி பிடிக்கும்போதெல்லாம் நிறைய வடியும் காது ஒரு வகை. கொஞ்சமாக, ஆனால் அழுகல் நாற்றத்தோடு, விடாமல் வடியும் காது மற்றொரு வகை. இரண்டாம் வகையில், செவிப்பறையின் உட்புறம் தோல் வளர்ந்து உருண்டு திரண்டு, எலும்பை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கலாம். அது சொட்டு மருந்தால் தீராது, அறுவை வேண்டும். எவ்வகையானாலும், வடியும் காதோடு தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, குழம்பிய பேச்சு, முகத்தில் ஒருபுறம் கோணல், தலைச்சுற்றல் இவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் அது காலை வரை காத்திருக்கும் காது அன்று. காதின் பின்புறம் வீங்கிச் சிவந்து, காதே முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் குழந்தையும் அப்படியே. 108ஐ அழையுங்கள்! கழக ஆட்சியில் 2008ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அந்த வண்டி, நெஞ்சுவலிக்கு மட்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

கையே வைக்காதீர்

காதில் எதுவும் புகுந்தால் நம்மவர் முதலில் தேடுவது மருத்துவரை அன்று, கொண்டை ஊசியை! அல்லது தீக்குச்சி, அல்லது சாவி. பஞ்சு சுற்றிய குச்சி என்று நாகரிக வடிவிலும் அது வந்துவிட்டது. வெளியே கிடந்த பொருளை உள்ளே தள்ளி, உள்ளே இருந்த பறையைக் கிழித்து, பிறகு அழுதுகொண்டு ஓடுவது! முதல் முயற்சியே நல்ல முயற்சி என்பார்கள் மருத்துவர்கள். அந்த முதல் முயற்சியை அவர்களிடமே விடுங்கள்.

பூச்சி புகுந்துவிட்டதா? அது உள்ளே சிறகடிக்கும்போது எழும் ஓசையும் வலியும் ஆளைப் பித்தாக்கும்; உண்மை. முன்பு காது வடிந்ததில்லை, ஓட்டை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு, காய்ச்சாத தேங்காய் எண்ணெய் சில துளி விடலாம், பூச்சி சாகும். செத்த பூச்சியை எடுப்பது மருத்துவர் வேலை. கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவோர் உண்டே, அவர்கள் கொல்வது பூச்சியை மட்டுமன்று, காதையும் சேர்த்து!

குழந்தை பட்டாணியோ பயறோ போட்டுக்கொண்டதா? தண்ணீர் விடாதீர், விதை ஊறும், ஊதும், இறுகும். பொத்தான் போன்ற சிறு பேட்டரி புகுந்ததா? அதுதான் எல்லாவற்றிலும் கொடிது. ஈரம் பட்ட இடத்தில் மின்னோட்டம் எழுந்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் பொசுக்கத் தொடங்கிவிடும். எண்ணெயும் கூடாது, நீரும் கூடாது, நாளை என்ற சொல்லும் கூடாது. விளையாட்டுப் பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் இருக்கும் அந்தச் சிறு வட்டத்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது ஆயிரம் மருந்துக்குச் சமம்.

கபடிக் களத்திலே, மல்யுத்த மண்ணிலே, மூட்டை தூக்கும் இடத்திலே காதுமடலில் அடிபட்டு, வலியோடு மெத்தென்று வீங்குகிறதா? உள்ளே குருதி தேங்கிவிட்டது என்பது பொருள். காதுமடலின் குருத்தெலும்புக்குத் தனக்கென்று குருதிக்குழாய் இல்லை. மேலே போர்த்த சவ்வுதான் அதற்குச் சோறு போடும் தாய். இடையிலே குருதி தேங்கினால் தாய் வேறு, பிள்ளை வேறு. பட்டினி கிடந்த குருத்தெலும்பு நைந்து, சுருங்கி, முண்டும் முடிச்சுமாகிவிடும். ஓரிரு நாளில் போனால், சிறு கீறலில் குருதியை வெளியேற்றி, மீண்டும் தேங்காதபடி அழுத்திக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். மறுநாளும் காட்ட வேண்டும். மறுபடி தேங்குவது அதன் இயல்பு.

கம்மலைப் பறித்துக்கொண்டு ஓடும் கயவனால் காது அறுந்த தாய்மாரைக் காண்கிறோம். காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே செல்லுங்கள். ஏற்ப இசிவு தடுப்பூசியும் போடுவார்கள். துண்டாக அறுந்து விழுந்த பகுதியை எறிந்துவிடாதீர்கள். ஈரமான தூய துணியில் சுற்றி, ஞெகிழிப் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி நேராகச் சதையில் படலாகாது.

சாலையிலே விழுந்தவன் காதிலிருந்து குருதியோ தெளிந்த நீரோ வழிகிறதா? அது காதுக்காயம் அன்று. மண்டையின் அடித்தளமே விரிந்திருக்கலாம், வழிவது மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்காதீர், கழுவாதீர், சொட்டு மருந்து விடாதீர். கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள். சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. கையில் காசில்லையே என்று காக்க வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. காலையில் கண் விழிக்கிறான். ஒரு காது அடைத்துக் கிடக்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. "அழுக்கு அடைத்திருக்கும்" என்று பத்து நாள் விட்டுவிடுகிறான். அழுக்காகவும் இருக்கலாம், செவி நரம்பு திடீரென்று செயலிழந்ததாகவும் இருக்கலாம். பின்னதாயின், ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நம்பிக்கை. இரண்டு வாரம் கடந்தால் நம்பிக்கை தேய்கிறது. இரண்டையும் பிரித்தறிய இலட்ச ரூபாய்ப் பொறி தேவையில்லை. நொடிக்கு 512 முறை அதிரும் ஓர் இசைக்கவை போதும். நெற்றி நடுவே வைத்தால், அடைப்பாயின் ஒலி பழுதுபட்ட காதின் பக்கம் சாயும். நரம்பாயின் நல்ல காதின் பக்கம் சாயும். அவ்வளவுதான்!

நீரிழிவு உள்ள முதியவர், இரவெல்லாம் உறங்கவிடாத காதுவலி என்று புலம்பினால், "வயசாகிவிட்டது" என்று தள்ளாதீர்கள். எளிய காதுக்குழாய்ப் புண், அவர் உடலில் எலும்பு வரை இறங்கிவிடக் கூடும். அவருக்கு வேண்டியது சொட்டு மருந்து மட்டுமன்று, மருத்துவமனைப் படுக்கை.

ஓங்கிய கையும் கிழிந்த பறையும்

காதுக்காயங்களில் ஒரு வகை இருக்கிறது. அதை உண்டாக்குவது பூச்சி அன்று, பேட்டரி அன்று, மனிதனின் உள்ளங்கை! ஓங்கி அறையும்போது காதுக்குழாயில் அடைபடும் காற்று பாய்ந்து செவிப்பறையைக் கிழிக்கிறது. வலக்கைக்காரர் மிகுதியாதலால், எதிரே நிற்பவரின் இடது காதே பெரும்பாலும் கிழிகிறது.

நல்ல செய்தி: இத்தகைய கிழிசல்களில் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரங்களில் தாமே மூடிக்கொள்ளும். நீர் புகாமல் காக்க வேண்டும். கண்ட சொட்டு மருந்தையும் விடலாகாது. மூக்கைப் பலமாகச் சிந்தலாகாது. மூடாவிட்டால் அறுவையால் மூடலாம். ஆனால் வெல்டிங் பொறி தெறித்துப் புகுந்து சுட்ட ஓட்டை எளிதில் மூடுவதில்லை என்பதைப் பட்டறைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கெட்ட செய்தி: அந்தக் கை யாருடையது? சில வேளை ஆசிரியருடையது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதைத் தடை செய்துவிட்டது; அடித்தவர் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சில வேளை சீருடையுடையது; கேள்வி கேட்கும் உரிமை உண்டே தவிர, காதைக் கிழிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் எவருக்கும் தரவில்லை. பல வேளை, வீட்டுக்கு உடையவன் என்று சொல்லிக்கொள்பவனுடையது!

"குழாயடியில் வழுக்கி விழுந்தேன், ஐயா" என்று அந்தச் சகோதரி மருத்துவரிடம் சொல்கிறாள். கன்னத்தில் ஐந்து விரலின் தடம். குழாயடிக்கு விரல் உண்டா? அதை அறிந்து, அவளைத் தனியே அழைத்துக் கேட்டு, விபத்துப் பதிவேட்டில் உள்ளபடி எழுதி வைக்கும் மருத்துவரே முழு மருத்துவர். அந்த ஒரு வரி நாளை நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும்.

நமது தோழர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறோம். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடி, பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்ட இயக்கம் இது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல் அதனைச் சட்டமாக்கிக் காட்டிய இயக்கம் இது. சொத்தில் பாதி கொடுத்துவிட்டு, கன்னத்தில் அறை கொடுப்பவன் கறுப்பும் சிவப்பும் கலந்த துண்டைத் தோளில் போடத் தகுதி உடையவனா? மேடையிலே பெண் விடுதலை, வீட்டிலே பெண்ணடிமை, இந்த இரட்டை நாக்கை அந்தச் சகோதரியின் ஒற்றைக் காது நன்றாகவே கேட்கிறது!

இரைச்சல் தின்னும் கூலி

அறை ஒரு நொடியில் பறிப்பதை, ஆலை பத்தாண்டில் பறிக்கிறது. முன்னது வலிக்கும், பின்னது வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி!

நம் உட்காதிலே ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 16,000 நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு எடுத்துச் செல்லும் தூதர்கள் அவை. அறுத்த நெல் மறுபடி முளைக்கும். வெட்டிய முடி மறுபடி வளரும். மடிந்த அந்த உயிரணு மனிதக் காதிலே மறுபடி முளைப்பதில்லை. விசைத்தறிக் கூடத்திலே, கொதிகலன் பட்டறையிலே, கல்லுடைக்கும் பொறியருகே, கை நீட்டும் தொலைவில் நிற்பவனோடு பேசவே கத்த வேண்டியிருக்கிறது என்றால், அந்த இரைச்சல் காதைத் தின்று கொண்டிருக்கிறது என்று அறிக.

85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒன்றே ஒன்று! இந்தியத் தொழிற்சாலை விதிகளோ எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வகுத்தன. அமெரிக்கன் காது மாவினால் செய்தது, இந்தியன் காது இரும்பினால் செய்தது போலும்!

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முற்றிலும் காது கேளாமற் போவதை நூற்றுக்கு நூறு உழைப்புத் திறன் இழப்பு என்று கணக்கிட்டது. அந்தச் சட்டத்தின் அட்டவணைகூட, காதைக் கண்ணுக்கு நிகராக வைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டபோது, இரைச்சலால் வரும் கேளாமை, தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு, பழைய தொழிற்சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டத்தின் அட்டை மாறலாம்; காதின் அளவு மாறுவதில்லை. வேலையில் சேரும் அன்று ஒரு செவிச் சோதனை, பிறகு ஆண்டுதோறும் ஒரு சோதனை. காதடைப்பான் முதலாளியின் செலவில். இரைச்சல் எழுப்பும் பொறிக்கு உறை. தொழிற்சங்கத் தோழர்கள் ஊதியத்தோடு இதனையும் ஒரு கோரிக்கையாக எழுத வேண்டும். கூலியை உயர்த்தச் சொல்கிறோம். காதைக் கூலியாகக் கொடுக்கச் சம்மதிக்கலாமா?

இதே நெறியை நம் பந்தலுக்கும் கொண்டுவர வேண்டும். தலைவர் வருகிறார் என்று வெடிக்கும் சரவெடியின் அருகே கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய் நிற்கிறாள். கூம்பு ஒலிபெருக்கியின் வாயருகே பள்ளிச் சிறுவன் நிற்கிறான். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிக்கக் கூடாது என்றும், நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கும் வெடிகள் கூடாது என்றும் விதிகள் இருக்கின்றன. கருத்தைக் காதில் ஏற்றத்தானே கூட்டம் போடுகிறோம்? காதையே கெடுத்துவிட்டுக் கருத்தை எங்கே ஏற்றுவது?

தமிழறிந்த மருத்துவர்

நம் மக்கள் காதைப் பற்றிப் பேசும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? "காது குத்துது" என்பார் ஒருவர். "குடையுது" என்பார் மற்றொருவர். "அடைக்குது" என்பார், "இரையுது" என்பார், "வடியுது" என்பார். ஐந்து சொல், ஐந்து தடம்! குத்துவது பெரும்பாலும் அழற்சி. குடைவது காளானோ பூச்சியோ. அடைப்பது அழுக்கோ நீரோ நரம்போ. இரைவது உட்காதின் குரல். வடிவது பறையின் ஓட்டை. கருவியை எடுக்குமுன்பே பாதி நோயை நாட்டுப்புறத் தாயின் நாக்கு சொல்லிவிடுகிறது. அந்த நாக்கின் மொழி மருத்துவரின் காதுக்கு விளங்க வேண்டும்.

இதனால்தான், குப்பத்துப் பிள்ளையும் குடியானவன் பிள்ளையும் மருத்துவராக வேண்டும் என்று வாதாடுகிறோம். 2006ஆம் ஆண்டு கழக ஆட்சி நுழைவுத் தேர்வை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், 2017 முதல் தமிழ்நாட்டின் மீது சுமத்தப்பட்ட நீட் தேர்வை எதிர்ப்பதும் ஏட்டுச் சண்டைக்காக அல்ல. நள்ளிரவில் "காது குடையுது, சாமி" என்று வந்து நிற்பவளின் சொல்லை அகராதி பார்க்காமல் உணர்கிறவர் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காக!

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் ஒளிரும் மின்கலத்தோடு ஒரு காது நோக்கி, ஓர் இசைக்கவை, உறிஞ்சு கருவி, மருந்து தோய்த்துக் குழாயில் வைக்கும் திரி. பணியிலிருக்கும் மருத்துவருக்கு, நல்ல காதை முதலில் பார்த்துப் பிறகு நோயுற்ற காதைப் பார்க்கும் பழக்கமும், முகம் கோணுகிறதா, கண் ஆடுகிறதா, காதின் பின்னே வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில், அழைத்தால் இரவிலும் வரும் காது மருத்துவர். ஒரு மருத்துவர் ஓர் இரவில் எத்தனை பேரைப் பார்ப்பது என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், தோழர்களே! அவருக்கு ஆளும் கருவியும் தருமாறு கேட்போம், அதுதான் நியாயம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, செவித்திறன் இழந்து உதவி தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர் என்றது. நேரத்தோடு கவனித்திருந்தால் அவர்களிலே பலர் இழந்திருக்க வேண்டியதில்லை. 1900இல் மேதையின் காதையே காக்க முடியவில்லை, மருந்து இல்லை. இன்று மூட்டை தூக்கும் தோழனின் காதையும் காக்க முடியும். மருந்து இருக்கிறது, வண்டி இருக்கிறது, அரசுக் காப்பீடு இருக்கிறது. இல்லாதது ஒன்றே: காதும் உயிருள்ள உறுப்பு என்ற எண்ணம்!

அந்த எண்ணத்தை இன்று மாலையே, இந்த ஏட்டைப் படிப்பகத்தில் உரக்கப் படிக்கும் தோழர் விதைக்கட்டும். கேட்க வந்தவர்களிலே எவரேனும், "கொஞ்சம் உரக்கப் படி" என்று கையைக் காதுக்குக் குவித்தால் சிரிக்காதீர்கள். நாளைக் காலை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்!